துரியோதனனுக்கு வைத்த முகம்

ஆடி முதல் வெள்ளி

அன்புப் பேத்தி தரணிக்கு உன் ஆயா அம்சவேணி எழுதுவது. இங்கே நானும் மாடும் உன் நைனாவும் உன் அம்மாவும் சுகம். அங்கே திருப்பதியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருக்கத் துரோபதை அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் உன் சித்தப்பன் கோவர்த்தனன் பேரை எடுத்தாலே உன் அம்மா பத்மினி அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள். "இன்னாத்துக்கு அத்தே அந்தப் பேச்சு, பொண்ணு நிம்மதியா படிக்கட்டும், வுடுங்க" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். காகிதத்தை அவளால் பிடுங்க முடியாது. எழுதி ஒட்டி, சத்தியவேட்டில் நானே பெட்டியில் போட்டுவிட்டு வருவேன்.

ஹாஸ்டல் சாம்பார் இனிக்கிறது என்றாயாம். உன் நைனா வரும்போது கோங்குரா ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் கொடு. தனியாக ஒளித்து வைத்துத் தின்னாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கோவர்த்தனனிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறாய். நீ படித்த அவன் காலேஜ், ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. கொடுத்தால்தான் திருப்பதியில் உன்னை இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்களாம். ஆடி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் உனக்கு வைத்திருக்கும் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். உன் நைனா விளக்கிச் சொன்னான். புகுந்த வீடு சேர்த்துக்கொள்ளத் தயார், பிறந்த வீடு அனுப்ப மாட்டேன் என்கிறது. அப்படித்தானே? புரிகிறது. ஆனாலும் நான் போக மாட்டேன். ஏன் என்று கேள்.

காலேஜ் விழா அன்றைக்கு நீ மேடையில் இருந்தாய். கீழே இருந்து நான் பார்த்தது உனக்குத் தெரியாது. அரக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் என் ஓர்ப்படி கமலம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பிள்ளை காலேஜுக்கே சொந்தக்காரன். என் பேத்தி காலேஜுக்கே முதல் மார்க்கு. இரண்டு கிழவிகளும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். அவன் உன் கழுத்தில் மெடலைப் போட்டான். அதோடு விட்டிருந்தால் அவன் மனுஷன். மைக்கைப் பிடித்துத் தெலுங்கில் ஆரம்பித்தான். இந்தப் பெண்ணின் தாத்தா எங்கள் மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தவர், நாங்கள் போட்ட தர்மத்தில் இவள் படிக்கிறாள், தர்மம் வீண்போகாது என்பதற்கு இவளே சாட்சி என்றான். தெலுங்கில் சொன்னால் எனக்கு ஏறாது என்று நினைத்தானோ என்னவோ. அவன் பிறப்பதற்கு முன்னால் இருந்து நான் புத்தூர்ச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசினவள்.

அந்தத் தாத்தா அவனுக்கு யார்? கூடப்பிறந்த அண்ணன், அவன் அப்பனுக்கு. அவனுக்குப் பெரியப்பன். அந்தக் கொட்டகை இரண்டு வீட்டுக்கும் பொது. பாகம் பிரியும்வரை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சாணி வாரினார்கள். பாகத்தில் ரோட்டோர நிலம் அவர்களுக்குப் போனது, ஏரிக்கரை நிலம் நமக்கு வந்தது. ரோடு அகலமானது, அவன் காலேஜ் கட்டினான். அவ்வளவுதான் அவனுடைய சாமர்த்தியம். நீயோ எம்செட் பரீட்சை எழுதி, ராங்க் எடுத்து, கவுன்சிலிங்கில் வாங்கின சீட்டு அது. எங்கே வந்தது தர்மம்?

பந்தல் முழுக்கக் கைதட்டியது. உன் நைனா எழுந்து நின்று கைகூப்பிச் சிரித்தான். நான் பெற்ற பிள்ளை சிட்டிபாபு, தன் அப்பனைச் சாணி வாரி என்று சொன்னதற்குச் சிரித்தான். கோவர்த்தனனைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. கமலம்மா மட்டும் கைதட்டாமல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வீட்டுக்கு வந்தாய். மெடலைக் கழற்றி நேராகப் போய் மாட்டின் கழுத்தில் போட்டாய். "கொட்டாய்க்குக் குடுத்த மெடலு கொட்டாய்லயே இருக்கட்டும் ஆயா. நான் அந்த காலேஜுக்கு இனிமே போவ மாட்டேன்" என்றாய். என் ரத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மெடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாடு தலையாட்டினால் மணியில் இடித்துச் சத்தம் கேட்கிறது.

இப்போது உன்னை அனுப்ப அவனுக்கு மனசில்லை. சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் உன் போட்டோ போட்ட ஃபிளெக்ஸ் தொங்குகிறது. பக்கத்தில் உன்னைவிடப் பெரிதாக அவன். முதல் மார்க்குக்காரியே வேறு காலேஜுக்கு ஓடிவிட்டாள் என்று தெரிந்தால் புது அட்மிஷனுக்கு எவன் வருவான்? அதனால் சொல்லி அனுப்பியிருக்கிறான், "பெரிம்மா நேர்ல வந்து ஒரு வார்த்த கேட்டா உடனே குடுத்துடறேன்" என்று. என் தலை குனிவதைப் பார்க்க வேண்டும் அவனுக்கு.

நான் அம்மன் வாசலில் நின்று சொல்லிவிட்டேன். ஊர் பார்க்க என் புருஷனைப் பேசினான். ஊர் பார்க்க அவன் தலை குனிய வேண்டும். அதுவரை அவன் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது.

நீ பாடத்தைப் பார். மற்றதை நான் பார்க்கிறேன்.

இப்படிக்கு, உன்னை எந்நேரமும் நினைக்கும்
ஆயா அம்சவேணி


ஆடி இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள்

செல்லப் பேத்தி தரணிக்கு ஆயாவின் ஆசீர்வாதம். இங்கே மழை இல்லை, புழுக்கம். மாடு சினையாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஒன்றும் இல்லை.

நான் போனேன் தரணி. போக மாட்டேன் என்று எழுதின கையாலேயே இதையும் எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் அழுதிருந்தால்கூட நான் போயிருக்க மாட்டேன். நீ அழவில்லை. "பரவால்ல ஆயா, ஒரு வருசம் போனா போவட்டும், வூட்டுக்கு வந்துடறேன்" என்றாய். பத்தொன்பது வயசுப் பெண் கிழவி மாதிரிப் பேசினாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

விழாவுக்குக் கட்டிய அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ரூமுக்குள் ஏ.சி. குளிர், ஐஸ்பெட்டிக்குள் போனதுபோல. "வாங்க பெரிம்மா, வாங்க, ஒக்காருங்க" என்று எழுந்தான். எழுந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். காபி வந்தது. நான் தொடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். "கோவர்த்தனா, பொண்ணு ஆசப்படறா, அந்தக் காகிதத்த குடுத்துடுப்பா" என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

உடனே கொடுத்தானா? பெல்லை அடித்தான். வாத்தியார்களைக் கூப்பிட்டான். எங்கள் பெரியம்மா, என் காலேஜ் படியேறி வந்து கேட்கிறார்கள் பாருங்கள் என்று காட்டினான். என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தான். எல்லாரும் போனபிறகு, "அவ எங்க பெரிம்மா போவப் போறா? நம்ம வூட்டுப் பொண்ணு, இங்கயே இருக்கட்டும். பொம்பளப் புள்ளைய திருப்பதில தனியா வுட்டுட்டு நீங்க ராத்திரி தூங்குவீங்களா? நான் யோசிச்சி சொல்றேன்" என்றான். கேட்டால் கொடுப்பேன் என்றவன், கேட்டபிறகு யோசிக்கிறானாம்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் உன் போட்டோவைப் பார்த்தேன். காற்றில் கிழிந்து காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயே முடிவு பண்ணினேன்.

நம் ஊரில் பாரதம் தொடங்கிவிட்டது உனக்குத் தெரியும். தினமும் கூத்து. கடைசி நாள் படுகளம், துரியோதனன் செத்து விழுகிற நாள். அதற்குத் துரியோதனனைப் படுத்தபடி உருவம் செய்கிற மண், உன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து நம் ஏரிக்கரை நிலத்து மண்தான். அது நம் வீட்டு உரிமை. வழக்கப்படி ஏழுமலை வெற்றிலை பாக்கோடு மண் கேட்டு வந்தான். எத்தனையோ வருடமாகத் துரியோதனனைச் செய்கிறவன் அவன்தான். மண் எடுத்துக்கொள், முகம் மட்டும் நான் சொல்கிறபடி இருக்க வேண்டும் என்றேன். யார் முகம் என்றும் சொன்னேன்.

அவன் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டான். "அய்யய்யோ ஆயா! இந்த வருசம் படுகளமே அவரு உபயம். கூத்துக்காரங்களுக்குச் சோறு அவரு, பந்தல் அவரு, லைட்டு அவரு. என்ன ஊர்ல வெச்சிப்பாங்களா?" என்றான். "உபயம் அவனுது, மண்ணு என்னுது. மண்ணு இல்லாம துரியோதனன எதுல செய்வ, சிமெண்ட்டுலயா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். பிறகு அவனுக்குள் இருக்கிற தொழில்காரன் எட்டிப் பார்த்தான். "முகம் நல்லாத்தான் வரும் ஆயா. மண்ணுக்குன்னே அளந்து வெச்ச கன்னம் அவருக்கு" என்றான். மோவாயில் இருக்கிற குழி, முறுக்கின மீசை, இடது புருவத்துக்கு மேலே அந்த மச்சம், மூன்றையும் விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

இதைப் படித்துவிட்டு நீ தலையில் கை வைத்துக்கொள்வாய். என்.ஓ.சி. கையில் வராதபோது இது எதற்கு, உள்ளதும் போய்விடுமே என்பாய். தரணி, கேட்டுப் பார்த்தாயிற்று. அவன் தர மாட்டான். தராதவனுக்கு எதற்காகப் பயப்படுவது? உன் சீட்டு போனால் அவன் மானமும் சேர்ந்து போகட்டும்.

போனில் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே. உன் அம்மா கேட்டால் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் ஆயா


படுகளத்துக்கு இரண்டாம் நாள்

என் கண்ணே தரணி,

அட்மிஷன் முடிந்துவிட்டது, ஒரு பேப்பர் மட்டும் சேர்த்து எழுத வேண்டும் என்றாயாம். எழுதிவிடு. ஒரு பேப்பர் உனக்கு எம்மாத்திரம்? "சித்தப்பா எப்படி ஆயா மனசு மாறினாரு?" என்று போனில் கேட்டாய். உன் அம்மா பக்கத்தில் நின்றாள், அதனால் அம்மன் செயல் என்று சொல்லி வைத்தேன். நடந்தது இது.

வெள்ளி சாயங்காலம் ஏழுமலை முகத்தை முடித்துவிட்டான். உடம்பு இரண்டு மாட்டுவண்டி நீளம், கண்ணைப் பிதுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி ஓடிப் போய் வீட்டில் இருந்தவர்களைக் கூட்டி வந்தார்கள். சனிக்கிழமை காலையில் பந்தல் வேலை பார்க்கக் கோவர்த்தனன் காரில் வந்து இறங்கினான். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். ஊரே சுற்றி நின்றது. உடம்பைச் சுற்றி வந்தான். தலைமாட்டுக்கு வந்தான். நின்றான்.

பிறகு சிரித்தான் தரணி. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "டேய் ஏழுமலை, ராஜா மாதிரி வெச்சிகீறியேடா என்னை!" என்றான். மீசையை முறுக்கிக்கொண்டு மண் முகத்துக்குப் பக்கத்தில் குந்தி செல்ஃபி எடுத்தான். கிரீடத்தைத் தடவிப் பார்த்தான். தான் படுத்திருப்பது படுகளத்தில் என்கிற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பெருமை கண்ணை மறைக்கும் என்பார்கள், அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

 ஏழுமலை தப்பித்தால் போதும் என்று என்னைக் காட்டிவிட்டான். "ஆயாதான் சார் சொன்னாங்க, ராஜாவுக்கு உங்க முகம்தான் பொருத்தம்னு" என்றான். கோவர்த்தனன் என்னிடம் வந்தான். கண்ணில் தண்ணீர். "பெரிம்மா, நீங்களா? என் மேல உங்களுக்குக் கோவம்னு நெனச்சிகினு இருந்தேனே" என்றான்.  ஆமாம் என்று என் தலை தானாக ஆடியது. அங்கேயே பிரின்ஸ்பாலுக்குப் போன் போட்டான். தரணிக்கு என்.ஓ.சி., டி.சி., எல்லாம் இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அண்ணன் வருகிறார் என்றான். உன் நைனா லுங்கியை மாற்றக்கூட இல்லை. பைக்கை எடுத்தான். காலேஜுக்குப் போய், அங்கிருந்து நேராகத் திருப்பதிக்கு வந்து உன்னிடம் கொடுத்ததுதான் அந்தக் காகிதம்.

அன்று சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்கு வந்தான். "ஆயா, காகிதம் போய்ச் சேந்துடுச்சில்ல? தண்ணி தொட்டு முகத்த ஒரு தடவு தடவினா போதும், வேற முகமா ஆயிடும். தடவிடட்டா?" என்று கேட்டான். நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் கேட்டான்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை படுகளம். கோவர்த்தனன் உபயதாரர் நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கமலம்மா. பீமன் வேஷக்காரர் கதையைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று ஓடி வந்து தொடையில் அடித்தார். உள்ளே புதைத்த குடம் உடைந்து சிவப்புத் தண்ணீர் வழிந்தது. பாஞ்சாலி வேஷக்காரர் கூந்தல் முடித்தார். அதுவரைக்கும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு நம் ஊர் வழக்கப்படி பொம்பளைகள் துரியோதனனை அடிக்கப் பழைய விளக்குமாற்றோடு இறங்கினார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் அடி அடித்தவள்தான் ஆரம்பித்தாள், "இந்தா, எம் பொண்ணுக்கு ஹால்டிக்கெட்டு குடுக்காததுக்கு!" என்று. அடுத்தவள், "இது எம் பையன வெயில்ல முட்டி போட வெச்சதுக்கு!" என்றாள். அப்புறம் யார் நிறுத்துவது? ஆளுக்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு அடி. ஒருத்தி, "இது தரணிக்கு!" என்று மீசையிலேயே போட்டாள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

கோவர்த்தனனின் சிரிப்பு நின்றது. மண் முகத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. "சாணி வாரினவர் பொண்டாட்டிடா நான்" என்று மனசுக்குள் சொன்னேன். அவனுக்குக் கேட்டது. தலை குனிந்தது. மாலையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறிப் போய்விட்டான். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் அடி நிற்கவில்லை. அப்போது கமலம்மா எழுந்தாள். கோல்கூட இல்லாமல் நடந்து வந்து, சேற்றில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அந்த முகத்தை மூடினாள். "போதும்டி, அடிக்காதீங்கடி, எம் புள்ளடி" என்றாள். காந்தாரியே வந்து இறங்கிவிட்டாள், அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கத்தியது. கற்பூரம் கொளுத்தினார்கள், குங்குமத்தை அவள் நெற்றியில் அப்பினார்கள், மேளம் காதைக் கிழித்தது. அருளும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "அக்கா, மண்ணு உன்னுதுதான். முகம் நான் பெத்ததுக்கா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. 

எல்லாம் முடிந்தபிறகு ஊர் ஜனம் படுகளத்து மண்ணை ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனது, நெல்லு மூட்டையில் போட்டால் பெருகும் என்று. முகத்து மண்ணை மட்டும் யாரும் தொடவில்லை. அதைக் கமலம்மா தன் முந்தானையிலேயே அள்ளிக்கொண்டு போனாள்.

ராத்திரி கோவர்த்தனன் உன் நைனாவுக்குப் போன் போட்டுக் கத்தினான். காகிதத்தைத் திருப்பி வாங்கு, கேன்சல் பண்ணுகிறேன் என்றான்.  உன் நைனா, "கோவர்த்தனா, அன்னிக்கு மேடைல நீ பேசினப்போ நான் சிரிச்சேன். இன்னிக்கு நீ கொஞ்சம் சிரியேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். உன் அம்மாவே இந்தத் தடவை போனைப் பிடுங்கவில்லை. விழா நாளிலிருந்து நிறுத்தியிருந்தேன், அன்றைக்குத்தான் நான் அவனுக்கு மறுபடி என் கையால் சோறு போட்டேன்.

எனக்கு வருத்தம் என்று ஒன்றும் கிடையாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன். செய்தது சரி.

நீ நன்றாகப் படி. அங்கேயும் முதல் மார்க்கு வாங்கு. எந்தக் காலேஜும் உன் முகத்தை ஃபிளெக்ஸில் அடித்துக் கம்பத்தில் கட்ட விடாதே. நீ வாழ்கிற வாழ்வைப் பார்த்து அவன் கண் பொசுங்க வேண்டும், அப்படி நன்றாக இரு.

ஒரு விஷயம். தசராவுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வராதே. உன் சின்னாயா கமலம்மா தெரு வழியாக வா. அன்றையிலிருந்து அவள் வாசலுக்கே வரவில்லை என்கிறார்கள். உன்னைக் கண்டால் கூப்பிடாமல் இருக்க மாட்டாள். கூப்பிட்டால் உள்ளே போ. என்ன போட்டாலும் வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து தின்னு. அவளையும் கூட உட்காரச் சொல். நான் அனுப்பினேன் என்று சொல்லிவிடாதே. அவள் வாய்க்கு நாலு கவளமாவது போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொல்.

இப்படிக்கு,
உன் ஆயா அம்சவேணி